நோன்பு என்று சொன்னவள்

எங்கள் பில்டிங் செகரெட்டரியை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. கடைசியில் நான் மனம் இளகி அவரைக் கும்பிட்டுக்கொண்டு நிற்பேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம் என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பில்டிங் செம்பூரில் இருக்கிறது. இருப்பவர்களில் பெரும்பாலோர் பாலக்காட்டுக் குடும்பங்கள். மாட்டுங்காவில் வாடகைக்கு இருந்து, ரிட்டயராகிற சமயத்தில் சொந்த வீடு என்று இங்கே வந்தவர்கள். இரண்டு மராட்டிக் குடும்பங்கள் உண்டு. அணுசக்தி நகரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு விஞ்ஞானி உண்டு. அப்புறம் நான். நான் பிறந்தது தாராவியில். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பட்டறை வேலைக்கு வந்தவர். நான் படித்து, மாட்டுங்காவில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் சேர்ந்து, லோன் போட்டு இந்த வீட்டை வாங்கினேன்.

வாங்கின அன்று செகரெட்டரி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “நீங்க வெஜ்தானே?” என்பது. “ஆமா ஸார்” என்றேன். வேறு என்ன சொல்வது? கையில் சாவி வரவேண்டுமே. அன்றிலிருந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு, எக்ஸாஸ்ட் ஃபேனைக்கூடப் போடாமல், கண் எரிய எரிய மீன் வறுத்தேன். வறுக்கிற ஒவ்வொரு முறையும் அவரைத் திட்டினேன். மீன் ருசியாகவே இருந்தது, அதைச் சொல்ல வேண்டும்.

என் எதிர் ஃபிளாட் பூட்டிக் கிடந்தது. அதன் சொந்தக்காரர் மகனோடு ஐரோலிக்குப் போய்விட்டார். நல்ல குடித்தனமாக யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்று சாவியை என்னிடம் கொடுத்து வைத்திருந்தார். எனக்குத் தெரிந்து என் சிநேகிதியைவிட நல்ல குடித்தனம் கிடையாது.

அவளும் நானும் தாராவியில் ஒரே சுவருக்கு இரண்டு பக்கம் வளர்ந்தவர்கள். இந்தப் பக்கம் எங்கள் அம்மா அம்மியில் அரைத்தால், அந்தப் பக்கம் அவள் உம்மா இன்றைக்கு என்ன குழம்பு என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். அவர்களும் திருநெல்வேலிக்காரர்கள்தான், முஸ்லிம்கள். வாப்பா, உம்மா என்று கூப்பிடுவதைத் தவிர்த்துவிட்டால் பேச்சில் அவர்கள் யார், நாங்கள் யார் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. இப்போது அவள் சயான் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்குப் பவர் பார்க்கிறாள். புருஷன் மஸ்கட்டில் இருக்கிறார். ஒரே மகள், செம்பூரில்தான் காலேஜ். அவர்கள் இருந்த, ஒற்றை அறை வீடுகள் வரிசையாக உள்ள சால் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். மழைக்கு முன்னால் காலி செய்தாக வேண்டும். மும்ப்ரா, கோபர்கைரனே என்று அலைந்து பார்த்துவிட்டாள். எல்லாம் தூரம். மகளைக் கூட்ட ரயிலில் தினமும் அனுப்ப அவளுக்கு மனசில்லை.

அதனால் அந்த எதிர் வீடு அவளுக்குக் கிடைக்க வேண்டும் என்று நான் தீர்மானித்தேன். அவள் வசதிக்காக மட்டும் என்று சொன்னால் பொய். எனக்கும் அந்தச் சுவர் மறுபடி வேண்டியிருந்தது.

அவள் வீடு பார்க்க வந்த நாள் ரம்ஜான் தொடங்கி கொஞ்ச நாள் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தாள். சாதாரணப் பருத்திச் சுடிதார், துப்பட்டா தோளில். கழுத்தில் நிக்காஹ்வில் கட்டின கருகமணி. லிஃப்டுக்குப் பக்கத்தில் செகரெட்டரியின் மனைவி, எல்லோரும் மாமி என்று கூப்பிடுகிறவர், எதிரே வந்தார். தமிழ்ப் பேச்சுக் காதில் விழுந்ததும் மாமிக்குச் சந்தோஷம். உள்ளே இழுத்து உட்காரவைத்துவிட்டார்.

“ஒரு வாய் காபி குடிக்காம போகப்டாது, கேட்டேளா?”

“வேண்டாம் மாமி. நோன்பு.”

மாமியின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. “நீங்களும் நோன்பா? எங்களுக்கு வர வெள்ளிக்கிழமைன்னா வரது! உங்க பக்கமெல்லாம் முன்னாடியே ஆரம்பிச்சுடுவேளோ?”

“ஆமா மாமி. எங்களுக்கு ஒரு மாசம்லா.”

“ஒரு மாசமா? அம்மாடி!” மாமி மார்பில் கை வைத்துக்கொண்டார். “ஆத்துக்காரர் எங்கே இருக்கார்?”

“மஸ்கட்ல இருக்காவ.”

“அதான் பார்த்தேன். தூர தேசத்துல இருக்கறவருக்காக ஒரு மாசம் விரதம் இருக்கேள். இந்தக் காலத்துல யார் இருக்கா?” என்று சொல்லிவிட்டு, அவள் கழுத்தைப் பார்த்து, “மராட்டி மாடல் மங்கள்சூத்ராவா? இப்போ எல்லாரும் இதான் போட்டுக்கறா. ஆபீஸ் போறவாளுக்கு இதான் சௌகரியம்” என்றார்.

மாமி சொன்னது காரடையான் நோன்பை. மாசி முடிந்து பங்குனி பிறக்கிறபோது, புருஷன் ஆயுசுக்காகப் பெண்கள் அடை தட்டி, வெண்ணெய் வைத்து, மஞ்சள் சரடு கட்டிக்கொள்கிற நோன்பு. அந்த வருஷம் அது ரம்ஜானுக்கு நடுவில் வந்தது. என் சிநேகிதிக்கோ மாமி ரம்ஜானைத்தான் பேசுகிறார் என்ற நினைப்பு. ‘இவங்களுக்கு வெள்ளிக்கிழமை என்ன நோன்பு’ என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டேன்.

நீ ஏன் அப்போதே திருத்தவில்லை என்று பிறகு ஆளாளுக்குக் கேட்டார்கள். எதைத் திருத்துவது? அவள் சொன்னதில் எது பொய்? எங்கள் வீட்டிலும் நோன்பு உண்டு. செவ்வாய்க்கிழமை ஔவையார் நோன்பு, ஆம்பிளை கண்ணில் படாமல் கொழுக்கட்டை அவித்து, விடிவதற்குள் தின்று தீர்க்கிற நோன்பு. அம்மா அதற்கு மாவு இடிக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் அவள் உம்மாவும் நோன்பு பிடித்துக்கொண்டிருப்பாள். இரண்டுக்கும் ஒரே வார்த்தைதான் இருந்தது. இன்னொன்று வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

அவள் மட்டும் அன்றைக்கு ரம்ஜான் நோன்புக்கு இந்தியில் சொல்கிற மாதிரி “ரோஜா ஹை” என்று சொல்லியிருந்தால் மாமிக்கு அந்த நிமிஷமே புரிந்திருக்கும். பம்பாயில் யாருக்குத்தான் புரியாது? தமிழில் சொன்னாள். அதுதான் வினையாகப் போயிற்று.

வெள்ளிக்கிழமை மாமி ஒரு டப்பாவில் வெல்ல அடையும் உப்பு அடையும் வைத்து, மேலே வெண்ணெய் உருண்டையும், ஒரு மஞ்சள் சரடும் சேர்த்து என்னிடம் கொடுத்தனுப்பினார். “உங்க ஃப்ரெண்டுக்கு. பாவம், தனியா இருந்துண்டு என்ன பண்ணியிருக்கப் போறா.” அன்று மாதம் பிறக்கிற நேரமும் சாயங்காலமாகத்தான் வந்தது. என் வீட்டில் உட்கார்ந்து, பொழுது அடைந்ததும், என் சிநேகிதி பேரீச்சம்பழத்தைக் கடித்துத் தண்ணீர் குடித்துவிட்டு, மாமியின் வெல்ல அடையை வெண்ணெய் தொட்டுத் தின்றாள். “நல்லா இருக்குட்டி, நம்ம கொழுக்கட்டை மாதிரி” என்றாள். சரடைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தாள். தூரப் போடவுமில்லை, கட்டிக்கொள்ளவுமில்லை. பர்ஸில் வைத்துக்கொண்டாள். மாமி எந்த நோன்பை நினைத்தார் என்பது அப்போதுதான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது. “சொல்லிருவோமாட்டி?” என்றாள். நாளைக்கு செகரெட்டரியிடம் அக்ரிமெண்ட் காப்பி போகிறதே, பெயரைப் பார்த்தால் தெரியப்போகிறது, இதில் சொல்ல என்ன இருக்கிறது என்றேன்.

ஐரோலியில் இருக்கிற வீட்டுக்காரருக்கு ஆட்சேபணையே இல்லை. “வீட்டைச் சுத்தமா வெச்சுண்டா போதும்” என்றார். ஆனால் செகரெட்டரி கையெழுத்துப் போட்ட என்.ஓ.சி., அதாவது ஆட்சேபணை இல்லை என்கிற கடிதம், இல்லாமல் யாரும் குடிவர முடியாது. மாமி தன் புருஷனிடம் ஏற்கெனவே சிபாரிசு செய்திருந்தார். “நம்ம ஆளுன்னா! நோன்பெல்லாம் இருக்கறவா” என்று. அந்த நம்ம ஆளு என்ற வார்த்தை எங்கள் பில்டிங்கில் ஒரு சர்ட்டிபிகேட். எனக்கு இத்தனை வருஷத்தில் யாரும் கொடுத்ததில்லை. பார்த்த முதல் நாளே அவளுக்குக் கிடைத்துவிட்டது.

மறுநாள் செகரெட்டரி என்னைக் கீழே கூப்பிட்டார். அவருடைய ஆபீஸ் என்பது கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. அதை ஒட்டித்தான் எங்கள் பில்டிங் பிள்ளையார். தீயணைப்பு வண்டி நுழைவதற்காக விட்டிருக்கிற வழியில் பாதியை அடைத்துக்கொண்டு, நாலு தூண், தகரக் கூரையோடு உட்கார்ந்திருக்கிறார். அப்போதுதான் பூஜை முடிந்திருந்தது. செகரெட்டரி கையில் கற்பூரத் தட்டு.

“இது என்ன?” என்று மேஜை மேலிருந்த அக்ரிமெண்ட் காப்பியைக் காட்டினார்.

“பேர், ஸார்.”

“அது எனக்குத் தெரியறது. ஏன் முன்னாடியே சொல்லலை?”

“நீங்க கேக்கலையே ஸார்.”

“என் வைஃப்கிட்ட நோன்புன்னு சொல்லியிருக்கா. ஏமாத்தியிருக்கா. ரோஜான்னு சொல்ல வேண்டியதுதானே? எதுக்கு நம்ம வார்த்தையை எடுத்துச் சொல்லணும்?”

வீடு இல்லை என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. பம்பாயில் அந்தப் பெயருக்கு வீடு இல்லை என்பது புதுசா என்ன? ஏமாற்றினாள் என்றாரே, அதுதான். பிறந்ததிலிருந்து அவள் வாயில் இருக்கிற வார்த்தை. அவள் உம்மா, உம்மாவுக்கு உம்மா எல்லோர் வாயிலும் இருந்த வார்த்தை. அதை அவள் எங்களிடமிருந்து திருடிக்கொண்டு வந்ததாகச் சொல்கிறார்! அவள் தமிழச்சி ஐயா, தமிழில் பசித்திருக்கக்கூட உம்மைக் கேட்க வேண்டுமா?

இதையெல்லாம் நான் சொல்லவில்லை. என் கோபம் அப்படித்தான், உடனே வெளியே வராது. உள்ளே உட்கார்ந்து கத்தி தீட்டும்.

அவர் தொடர்ந்தார். “தப்பா நினைச்சுக்காதேங்கோ. எனக்கு எந்த மதமும் ஒண்ணுதான். ஆனா நாளைக்கு மாடியில தொழுகை, பக்ரீத்னு ஆரம்பிச்சா? காமன் ஏரியால ரிலீஜியஸ் ஆக்டிவிட்டி எதுவும் கூடாது. நம்ம சொசைட்டி செக்யூலர். பொது இடத்துல மதம் வரப்படாது. இதான் ரூல். என்.ஓ.சி. தர முடியாது.”

சொல்லி முடித்துவிட்டு, கற்பூரத் தட்டை என் பக்கம் நீட்டினார். நானும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஒற்றிக்கொண்டபோதுதான் எனக்குப் பிடி கிடைத்தது.

அவளிடம் போனில் சொன்னேன். “ஏமாத்துனேன்னா சொன்னாவ?” என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். “சரிட்டி, நோன்பு தொறக்க நேரமாச்சு” என்று வைத்துவிட்டாள். அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தணிந்திருக்கும். அழவில்லை. அன்றைக்கு அந்த மனுஷனை என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டே தோசைக்கு உப்புப் போட மறந்தேன்.

இரண்டு நாள் கழித்து மாமி என் வீட்டுக் கதவைத் தட்டினார். டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொள்ள வந்ததாகச் சொன்னார். நான் டப்பாவைக் கொடுத்தேன். போகாமல் நின்றார்.

“எங்காத்துக்காரர் அப்படிச் சொல்லியிருக்கப்டாது. மனசுக்குக் கஷ்டமா இருக்கு.”

“மாமி, அவ வீட்ல அதுக்குப் பேரே நோன்புதான். வேற பேர் அவங்களுக்குத் தெரியாது. ரோஜாங்கறது பம்பாய்ல கத்துக்கிட்டது, நீங்களும் நானும் கத்துக்கிட்ட மாதிரி.”

மாமி அதை யோசித்துப் பார்த்தார். “தண்ணிகூடக் குடிக்க மாட்டாளா?”

“பகல்ல குடிக்க மாட்டா.”

“நான் அன்னிக்குக் காபி காபின்னு உயிரை எடுத்தேனே.” பிறகு மெதுவாக, “அந்தச் சரடை என்ன பண்ணினா?” என்றார்.

“பர்ஸ்ல வெச்சிருக்கா. கட்டிக்கல. தூக்கிப் போடவும் இல்ல.”

“அதுவும் சரியாக்கும்” என்று சொல்லிவிட்டு மாமி போனார்.

மாமி மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதில் எனக்கே எரிச்சல். கோபம் என்றால் ஒரு வீட்டார் எல்லோர் மேலும் சேர்ந்து வந்தால்தான் வசதியாக இருக்கும். சரி, மாமியின் பங்கையும் சேர்த்து மாமாவுக்கே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

என் கைக்குக் கிடைத்த பிடி இதுதான். செகரெட்டரிக்கு ஒரு கனவு உண்டு. அந்தத் தகரக் கூரையைப் பிரித்துவிட்டு, பிள்ளையாருக்கு மார்பிளில் மண்டபம் கட்ட வேண்டும். கும்பாபிஷேகம், கார்ப்பொரேட்டர் வருகை, சுவரில் தன் பெயரோடு ஒரு கல். ஒரு வருஷமாக இதே பேச்சு. அந்த மாதம் நடக்கவிருந்த ஜெனரல் பாடி மீட்டிங்கில் அதைத் தீர்மானமாக நிறைவேற்றுவதாக இருந்தார்.

மீட்டிங்குக்கு நான் என்னிடமிருந்த நல்ல பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள். வாட்டர் டாங்க், பார்க்கிங் எல்லாம் பேசி முடித்து, மண்டபத்துக்கு வந்தார். படம்கூட வரைந்து கொண்டுவந்திருந்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். “யாருக்காவது அப்ஜெக்‌ஷன் உண்டா?” என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பப் போனார்.

நான் கையைத் தூக்கினேன்.

“ஸார், காமன் ஏரியால ரிலீஜியஸ் ஆக்டிவிட்டி கூடாதுன்னு ரூல் இருக்குன்னீங்க. பொது இடத்துல மதம் வரப்படாதுன்னீங்க. நம்ம சொசைட்டி செக்யூலர்னீங்க.”

அவர் முகம் மாறியது. “அது வேற விஷயம்.”

“எது ஸார் வேற?”

“இது நம்ம கோயில்.”

“அப்போ ரூலைச் சரியாச் சொல்லுங்க. நம்மது இருக்கலாம், அடுத்தவங்கது கூடாதுன்னு. நான் கையெழுத்துப் போட்டுட்டு உக்காந்துக்கிடுதேன்.”

கோபம் வந்தால் எனக்குத் தாராவி வாய் வந்துவிடும். முன் வரிசையில் ஒருவர் திரும்பி, “நீங்க ஹிந்துதானே?” என்று கேட்டார். “ஆமா, அதனாலதான் கேக்கேன்” என்றேன். அணுசக்தி நகர் விஞ்ஞானி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “டெக்னிக்கலா அந்தம்மா சொல்றதுல பாயிண்ட் இருக்கு” என்றார். அவர் மனைவி அவர் முழங்கையைக் கிள்ளியதை நான் பார்த்தேன்.

செகரெட்டரி குரலை உயர்த்தினார். ஒருத்தர் சொல்வதற்காகக் கோயில் வேலை நிற்காது என்றார். நான் உட்காரவில்லை. இந்த மண்டபம் எந்த இடத்தில் வருகிறது என்று கேட்டேன். அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இன்ஷூரன்ஸ் ஆபீஸில் காலம் தள்ளியவளுக்கு அது தெரியாமலா இருக்கும்? ஃபயர் எஞ்சின் வருகிற வழி. தீ பிடித்தால் ஒரு வண்டி உள்ளே வர முடியாது. “ஒரு மார்பிள் கல் இறங்கினாலும் நான் வார்டு ஆபீஸுக்கு எழுதிப் போடுவேன் ஸார். அவங்க வந்தா புதுசு, பழசுன்னு பாக்க மாட்டாங்க. தகரமும் போகும், தூணும் போகும்.”

சாமி குத்தம் என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். தீர்மானத்தை ஒத்திவைத்தார்கள். அவர் படத்தைச் சுருட்டி ரப்பர் பேண்டைப் போட்டபோது, அது அறுந்து அவர் விரலில் அடித்தது. அதற்காகக்கூட நான் பரிதாபப்படவில்லை.

பில்டிங்கில் என்னோடு பேச்சு நின்றுபோயிற்று. லிஃப்டில் நான் ஏறினால் இரண்டு பேர் படியில் இறங்கினார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. இத்தனை வருஷம் சாத்தி வைத்திருந்த சமையலறை ஜன்னலைத் திறந்தேன். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டேன். திங்கள்கிழமை சாளை, செவ்வாய் அயிலை, வியாழன் நெத்திலிக் கருவாடு. கருவாடு வறுத்த அன்று செகரெட்டரி வீட்டு ஜன்னல் அறைந்து சாத்தப்படுகிற சத்தம் நான் இருக்கிற மூன்றாம் மாடி வரை கேட்டது. நான் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டேன்.

பிள்ளையாரிடம் மட்டும் எனக்குக் கொஞ்சம் சங்கடம். தினமும் ஆபீஸ் போகிற வழியில் ஒரு குட்டுப் போட்டுக்கொண்டு போகிற பழக்கம். மீட்டிங்குக்கு மறுநாளும் போய் நின்றேன். ‘கோவிச்சுக்கிடாதீரும். உம்ம மேல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா உம்மை வெச்சுத்தான் அந்த ஆளை மடக்க முடியும். அவர் உம்மை வெச்சு ஒருத்தியை வெளிய நிறுத்துனாரு, நான் உம்மை வெச்சு உள்ள கொண்டாரேன். ரெண்டுல எது உமக்குச் சரின்னு நீரே பாத்துக்கிடும்’ என்றேன். அவர் எப்போதும்போல இருந்தார். நான் உண்மையிலேயே எழுதிப் போட்டிருப்பேனா என்று பிறகு ஒரு முறை யோசித்துப் பார்த்தேன். போட்டிருப்பேன். அவர் தகரத்தோடு தெருவுக்கு வந்திருந்தால் என் வீட்டு ஷெல்ஃபில் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருப்பேன்.

ரம்ஜான் பெருநாள் முடிந்த வாரத்தில் செகரெட்டரி என் வீட்டுக்கு வந்தார். நான் குடிவந்ததிலிருந்து அவர் என் வாசற்படி ஏறியதே இல்லை. நான் அப்போது அயிலை வறுத்துக்கொண்டிருந்தேன். அடுப்பை அணைக்கவில்லை, வேண்டுமென்றேதான். அவர் கைக்குட்டையை மூக்கருகே கொண்டுபோய்விட்டு, மரியாதைக்குப் பயந்து இறக்கிக்கொண்டார்.

“உக்காருங்க ஸார்.”

உட்காரவில்லை. “பிள்ளையார் என்ன பண்ணினார், பாவம்? அவரை ஏன் இதுல இழுக்கறேள்?”

“அவ என்ன பண்ணினா ஸார்?”

அவர் சட்டைப் பையிலிருந்து என்.ஓ.சி.யை எடுத்து மேஜை மேல் வைத்தார். கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தது. “சில கண்டிஷன்ஸ் இருக்கு” என்று ஆரம்பித்தார்.

“கண்டிஷன் இருந்தா எங்கிட்டயும் இருக்கு ஸார்.”

நிறுத்திக்கொண்டார். மண்டபத்தைப் பற்றிக் கேட்டார். வழியை விட்டுவிட்டுச் சுவரோரமாகச் சின்னதாகக் கட்டிக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் இல்லை என்றேன். சின்னதாக என்றால் அவர் பெயர் போட்ட கல்லுக்கு இடம் இருக்காது. அது அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. அவர் படியிறங்கிப் போகிறவரை வாசலில் நின்று பார்த்தேன். அதற்குள் மீன் ஒரு பக்கம் கருகிவிட்டது. அதையும் ரசித்துத் தின்றேன்.

அன்று சாயங்காலம் என் சிநேகிதியை மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே வரச்சொன்னேன். பூக்கடைகளைத் தாண்டி இருக்கிற காபிக் கடையில் உட்கார்ந்தோம். நான் என்.ஓ.சி.யை மேஜையில் விரித்து, மீட்டிங், மார்பிள், கருவாடு என்று ஒன்று விடாமல் நடித்துக் காட்டினேன். கருவாட்டுக்கு அவள் சிரித்தாள். பிறகு என்.ஓ.சி.யை எடுத்துப் படித்தாள். ஆஸ்பத்திரியில் அவள் எல்லோரையும் படிக்கச் சொல்கிற மாதிரி, மேலிருந்து கீழே, ஓர் எழுத்து விடாமல் படித்தாள்.

“ஏட்டி, ஒண்ணு கேக்கேன். இந்த வீட்டை எனக்கு அவிய தந்தது, எம் மேல மரியாதையிலயா, ஒன் மேல பயத்துலயா?”

அவள் இதை மறுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். இப்படி வருகிற வீடு வேண்டாம் என்று சொல்லப்போகிறாள், நான் செய்ததெல்லாம் வீண் என்று தோன்றியது. ஆனாலும் அவளிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை.

“பயத்துலதான்” என்றேன்.

“அப்ப சரி” என்றாள். “மரியாதைன்னா யோசிச்சிருப்பேன். நாம பள்ளிக்கூடம் போவும்போது மசூதியை இடிச்சதுல கலவரம் வந்துதே, அப்ப எங்க வாப்பாவை ஒருத்தர்கூட மரியாதைக் குறைவாப் பேசல. பாய், உள்ள போயிருங்க, வெளிய நிக்காதீங்கன்னு மரியாதையாத்தான் சொன்னாவ. மரியாதையாத்தான் அவங்கவங்க கதவையும் சாத்துனாவ. மரியாதை அவ்வளவுதாம்ட்டி தாங்கும். பயம் இன்னும் கொஞ்சம் தாங்கும்.” காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, “லாரிக்கு எப்பச் சொல்லட்டும்?” என்றாள்.

யார் கதவு என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர்கள் வீட்டுக்கு அடுத்த கதவு எங்களுடையது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாமான் வந்து இறங்கியது. செகரெட்டரி கீழே வந்து லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு, “வாங்கோ, வாங்கோ” என்றார். அவர் குரலில் இருந்த அந்தப் பயத்தைக் கேட்க எனக்கு வயிறு குளிர்ந்தது. மாமி மாடிப்படியில் நின்று கையசைத்தார். என் சிநேகிதி இரண்டு பேருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, மகளை முன்னால் போகவிட்டு, பின்னால் தான் ஏறினாள்.

பால் காய்ச்சுவதற்கு முன்னாலேயே அவள் தச்சரை வரச்சொல்லியிருந்தாள். வாசல் கதவுக்கு உள்பக்கமாக இன்னொரு தாழ்ப்பாள், தடித்த இரும்பில். தச்சர் துளை போடுகிற சத்தம் கேட்டு நான் என் வீட்டு வாசலுக்கு வந்தேன். அந்த மாடியில் இருப்பது அவளுடையதும் என்னுடையதுமாக இரண்டே வீடுகள்தான். அவள் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள், எடுத்துப் பார்த்தாள், இன்னும் கொஞ்சம் மேலே வையுங்கள் என்று தச்சரிடம் சொன்னாள். என்னைப் பார்த்ததும் சிரித்து, “வாட்டி, உள்ள வா” என்றாள். நான் உள்ளே போனேன். செகரெட்டரி மேல் எனக்கிருந்த கோபம் துளியும் குறையவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.